மார்கழி விருந்தாளிகள்

இந்த வாரம் உங்களிடம் பணம் கேட்கப் போவதில்லை, லைக் கேட்கப் போவதில்லை. பதினைந்து நிமிடம் மட்டும் கேட்கப் போகிறேன். எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நம் வீட்டுக் கொல்லையில் இப்போது யார் யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

குளிர்காலம் என்றாலே நம்மில் பலருக்குப் பனி மூடிய மலையும் கம்பளிக் கோட்டும்தான் ஞாபகம் வரும். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக் குளிர் அப்படிப்பட்டதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஏரி கலங்கல் வரைக்கும் நிரம்பி நிற்கும். மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் ஒரு சால்வை தேவைப்படும். ஒன்பது மணிக்கு அந்தச் சால்வையைத் தூக்கி எறிந்துவிடலாம். அவ்வளவுதான் நம் குளிர். ஆனால் அந்தக் கொஞ்ச நேரக் குளிரை நம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் ஊரில் ஏரி உறைந்து, பூச்சி அற்றுப்போன நேரத்தில், இங்கே தண்ணீரும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது.

மார்கழிக் காலையில் ஏரிக்கரைக்குப் போனவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று, தண்ணீருக்கு மேலே பால் ஆவி மாதிரி ஒரு மெல்லிய மூட்டம். மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து மூட்டமாகிவிடும். இன்னொன்று, தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்பது. அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி நம் தெருவில் பாடுவது போலிருக்கும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சற்றுச் சூடான காற்று என்று அடுக்காக நிற்கும்போது, மேலே போகிற சத்தம் வளைந்து மறுபடி கீழேயே வருகிறது. காற்று அசையாமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். ஏரி நடுவில் ஒரு வாத்து இறக்கையை உதறினால், கரையில் நிற்பவருக்கு அது கேட்கும்.

ஆண்டாளும் திருப்பாவையில் பொழுது விடிந்ததற்குச் சாட்சியாகப் பறவைகளின் குரலைத்தான் சொல்கிறாள். தோழியை எழுப்ப அவள் கையில் கடிகாரம் இல்லை. வெளியே சத்தம் கேட்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா என்றுதான் கேட்கிறாள். நமக்கு மட்டும் என்ன, காது இல்லையா?

கொல்லைக்கு ஒரு டைம்டேபிள்

பெரிய தோட்டம் வேண்டும் என்றில்லை. ஒரு முருங்கை, ஒரு வாழை, துணி துவைக்கிற கல், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஒரு வாய்க்கால். இது போதும். எங்கள் வீட்டுக் கொல்லை அவ்வளவுதான். அதன் கடைசி வேலிக்கு அப்பால் கொஞ்சம் காலி இடம், அதைத் தாண்டினால் ஏரிக்கரை.

இருட்டு விலகும் முன்பே முதலில் குரல் கொடுப்பது கரிச்சான். ஆறு மணிக்குக் காகம். அடுத்து, புலுனிகள். தவிட்டுக்குருவி என்றும் சொல்வோம். ஏழெட்டுப் பேராக வந்து சருகைக் கிளறி, குடும்பச் சண்டை போல ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். குளிர் நாளில் அவை பந்து மாதிரி உப்பிப் போயிருப்பதைப் பாருங்கள். சாப்பிட்டுக் கொழுத்துவிட்டன என்று நினைக்காதீர்கள். இறகுகளைத் தூக்கி, இடையில் காற்றை அடைத்துக்கொள்கின்றன. நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதும் இதே வேலைதான். உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது அந்தக் காற்றுதான்.

ஏழு மணி வாக்கில் வெயில் முருங்கை உச்சியைத் தொடும். அப்போது ஒரு செம்போத்து மெதுவாக ஏறி வந்து, இறக்கையை விரித்துக்கொண்டு முதுகைக் காய வைக்கும். அணில் சுவர்மேல் படுத்துக்கொள்ளும். எட்டு மணிக்குச் செம்பருத்தியில் தேன்சிட்டு. ஒன்பது மணிக்கு மேல்தான் ஓணான் தலை காட்டும். அதற்கு உடம்புக்குள் சூடு கிடையாது, வெயிலில் இருந்துதான் கடன் வாங்க வேண்டும். வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான், சிறகு காய்ந்தால்தான் பறக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த டைம்டேபிளை எழுதச் சொல்லிப் பாருங்கள். சூட்டு ரத்தம், குளிர் ரத்தம் என்று அறிவியல் புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும்.

இவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். இனி விருந்தாளிகள்.

புதருக்குள்ளிருந்து யாரோ நாக்கைத் தட்டுவது போல "டக்... டக்... டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? சத்தம் வரும், ஆள் தெரியாது. பத்து நிமிடம் பொறுத்தால் ஒரு மங்கலான பழுப்புக் குருவி ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இதன் பெயர் பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை ஏறக்குறைய இரண்டு ஐந்து ரூபாய் நாணயம். இந்த எடையை வைத்துக்கொண்டு பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியா என்று பரந்து கிடக்கும் கோடைக்கால வீட்டிலிருந்து நம் கொல்லைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் குளிர்கால விருந்தாளிகளிலேயே மிகச் சாதாரணமாகப் பார்க்கக் கூடியது இதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒருவர் குடியிருப்பதே தெரியாது.

அடுத்தது ஆறுமணிக்குருவி. காலை, மாலை ஆறு மணி வாக்கில் இரண்டு தடவை விசில் அடிப்பதால் இந்தப் பெயர். பச்சை முதுகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டிய கோடு, இறக்கையில் நீலம். வடக்கே இதை நவரங்க் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். இரவில் பறப்பதால் புரட்டாசி, ஐப்பசியில் வழி தவறி வீட்டுக்குள் வந்து விழுவதும், கண்ணாடி ஜன்னலில் மோதி மயங்குவதும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி விழுந்தால் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு செடி கொடி உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போதும். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆள்தான் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து வைத்தவர். பழுப்புக் கீச்சான்.

காலண்டரில் ஒரு பெயர்

எங்கள் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. மூட்டு வலியால் ஏரிக்கரைக்கு நடந்து போவது நின்று நாலைந்து வருடமாகிறது. காலையில் காபி டம்ளரோடு பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்தால், எட்டரை மணி வரைக்கும் அவர் உலகம் அந்தக் கொல்லைதான். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். அதில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, மாத்திரை தீரும் தேதி எல்லாம் எழுதுவார். நடுநடுவே "கீச்சான் வந்தாச்சு", "வாலாட்டி", "குயில் கத்த ஆரம்பிச்சிடுச்சு" என்றும் எழுதியிருப்பார். பழைய காலண்டர்களைத் தூக்கிப் போடமாட்டார்.

அந்தக் காலண்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசி வாரத்தில் கீச்சான் வந்திருக்கிறது. ஏப்ரலில் போயிருக்கிறது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, கொள்ளைக்காரன் முகமூடி மாதிரி. வளைந்த அலகு. வெட்டுக்கிளி, சின்ன ஓணான் எதுவானாலும் பிடித்து, முள்ளில் குத்தி வைத்துச் சாப்பிடும். சைபீரியா, மங்கோலியா, வடசீனா பக்கம் குஞ்சு பொரிக்கும் பறவை. வந்ததும் முதல் வேலையாக "கீச் கீச்" என்று கத்தி, இது என் இடம் என்று பட்டா வாங்கிக்கொள்ளும். கீச்சானுக்கு வளையம் போட்டு ஆராய்ந்தவர்கள், ஒரே பறவை அடுத்தடுத்த வருடங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கொல்லைக்கு வருவது அதே ஆள்தானா என்று சத்தியம் செய்ய முடியாது, காலில் வளையம் இல்லை. அத்தைக்கு அந்தச் சந்தேகமே கிடையாது.

கீச்சானின் இடம், எங்கள் வேலிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் இருக்கிற காலி இடம். எருக்கு, ஆமணக்கு, நொச்சி, நடுவில் ஒரு பட்டுப்போன கருவேலம். அந்தக் கருவேலத்தின் உச்சிக் கிளைதான் அதன் சிம்மாசனம். இடம் எங்களுடையதல்ல, பக்கத்து வீட்டுத் தம்பியுடையது. ஆகஸ்டில் ஒருநாள் அவர் வந்து நின்றார்.

"அக்கா, அடுத்த வாரம் ஜேசிபி வெச்சு அந்த எடத்த சுத்தமா வழிச்சி, சிமெண்ட் போட்டுடலாம்னு இருக்கேன். வேலி பக்கம் உங்க செடி எதுனா இருந்தா எடுத்துக்குங்க."

"ஏம்ப்பா, திடீர்னு?"

"பாம்புக்கா. போன வாரம் பாப்பா வெளயாடற எடத்துல ஒண்ணு போச்சு. வீட்ல ஒரே பயம்."

பாப்பாவுக்கு நான்கு வயது. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? கீச்சானுக்காகக் குழந்தையைப் பாம்புக்குப் பக்கத்தில் விளையாட விடு என்று யாரும் சொல்ல மாட்டோம். நான் பேசாமல் நின்றேன். அத்தைதான் உள்ளேயிருந்து கேட்டார்.

"தம்பி, அந்தச் செங்கல்லு இன்னும் அங்கயேதான் அடுக்கி வெச்சிருக்கியா?"

அங்கேதான் இருந்தது. போன வருடம் மாடிப்படி கட்டி மிச்சமான செங்கல், உடைந்த ஓடு, பழைய மரச்சட்டம், எல்லாம் அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் குவிந்து கிடந்தது. பக்கத்திலேயே கோழிக்கூண்டு. சிந்திய தீவனத்துக்கு எலி. எலிக்குப் பாம்பு.

பாம்பு புதரைத் தேடி வருவதில்லை. எலி, தவளை கிடைக்கிற இடத்துக்கும், ஒளிய இடுக்கு கிடைக்கிற இடத்துக்கும்தான் வருகிறது. அந்த இடுக்கு வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால்தான் நமக்கு ஆபத்து. காலி இடம் முழுவதையும் சிமெண்ட் போட்டாலும், செங்கல் குவியல் அங்கேயே இருந்தால் பாம்பும் அங்கேயே இருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினரிடம் கேட்டால், எலி வளை எங்கே, பாம்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நாடு முழுவதும் விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் தம்பி செங்கல் குவியலை அகற்றினார். கோழிக்கூண்டைத் தள்ளி வைத்து, தீவனத்தை மூடி போட்ட டின்னுக்கு மாற்றினார். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடிக்குப் புல் பூண்டு இல்லாமல் சுத்தம் செய்தார். பாப்பா விளையாடுவது அந்தச் சுத்தமான இடத்தில் மட்டும். இரவில் பின்பக்கம் போனால் டார்ச் கட்டாயம், காலில் செருப்பு கட்டாயம். அரசு மருத்துவமனை நம்பர் இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட்டது. கடித்தால் கட்டுப்போடாமல், வாயால் உறிஞ்சாமல், பச்சிலை தேடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. ஏரியோரம் இருக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

கடைசி மூலையில், கருவேலத்தைச் சுற்றி நான்கு சென்ட் மட்டும் அப்படியே விடப்பட்டது. "ஒரு வருஷம் பாக்கறேன்க்கா. மறுபடி பாம்பு வந்தா வழிச்சிடுவேன்" என்றார் தம்பி. நியாயமான பேச்சு.

செப்டம்பர் கடைசி வாரம் போனது. காலண்டரில் எழுத்து விழவில்லை. அக்டோபர் முதல் வாரமும் போனது. வெட்டிய புதரால்தான் வரவில்லையோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வழியில் எத்தனையோ நடந்திருக்கலாம், ஒரு சின்ன உயிர் அவ்வளவு தூரம் வருவது என்ன லேசா? அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் அந்த மூலைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு மழை விட்ட காலையில், கருவேலத்து உச்சியிலிருந்து "கீச்" என்று கேட்டது. முதலில் ஓடி வந்து சொன்னது பக்கத்து வீட்டுப் பாப்பா. "ஆயா, உன் முகமூடித் திருடன் வந்துட்டான்!" அன்றைக்குக் காலண்டரில் எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தை பேனாவைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டார். எழுத்து தெரியாததால் அவள் ஒரு குருவி வரைந்திருக்கிறாள். பார்க்க வாத்து மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

ஏரியில் நாமம் போட்டவர்கள்

இனி கரையேறி ஏரியைப் பார்ப்போம். முதலில் கண்ணில் படுவது கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக நீந்துகிற கூட்டம். அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் நாமக்கோழி. இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்?

இலைமேல் நடக்கிற இலைக்கோழியைப் பாருங்கள். நீளநீள விரல்கள், அதனால் அல்லி இலை அமுங்குவதில்லை. முட்டையிடுவது தாய், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது தகப்பன். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம். நீளவால் இலைக்கோழிக்கு அந்த அழகான வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். குளிர்காலத்தில் வால் உதிர்ந்து சாதாரண உடுப்பில் திரியும்.

கட்டைமேல் இறக்கையை விரித்து நிற்கிறதே, அது நீர்க்காகம். அதன் இறகு தண்ணீரை ஓரளவு உறிஞ்சும். நனைந்தால் உடம்பு கனத்து ஆழத்தில் மீன் துரத்த வசதி. வெளியே வந்தபின் துணி மாதிரி காய வைத்தாக வேண்டும்.

தூரத்தில் மிதக்கிற வாத்துகளில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வடக்கேயிருந்து வந்தவை. பகலில் பெரும்பாலும் தூங்கும். கூட்டத்தின் ஓரத்தில் இருப்பது ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும். மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி காவல் காக்கும் என்பதை வாத்துகளை வைத்தே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் கால் விறைக்காதா என்று குழந்தைகள் கேட்பார்கள். காலுக்கு இறங்குகிற சூடான ரத்தக்குழாயும், மேலே ஏறுகிற குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. உடம்புச் சூடு தண்ணீருக்கு வீணாகப் போவதில்லை.

திடீரென்று ஏரி முழுக்க ஒரே சலசலப்பாக எல்லாம் மேலே எழும்பினால், வானத்தைப் பாருங்கள். கோரைக்கு மேல் தாழ்வாக மிதந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கலாம். நம் ஆட்கள் யாராவது டிரோன் விட்டிருந்தாலும் இதே கதிதான். பருந்தாவது பசிக்கு வருகிறது.

சத்தம் போடாத ஊர்கள்

பறவைகள் வருவது பறவைகளின் சாமர்த்தியம் மட்டுமில்லை. ஊர்க்காரர்களின் பொறுமையும் அதில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நிலைமை இன்னும் நெருக்கம். அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களோடு நிற்பதில்லை, வீட்டு வாசல் மரத்திலும் கொல்லை மரத்திலும் கூடு கட்டுகின்றன. கொடியில் காயும் துணியில் எச்சம் விழும். இரவெல்லாம் குஞ்சுகளின் சத்தம். மீன் வாடை வேறு. அந்த மக்கள் பறவை வராத வருடத்தைத்தான் கெட்ட வருடம் என்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் அந்தக் குளத்துக்கு வருகின்றன. வேடந்தாங்கல், கூந்தன்குளம் இரண்டுமே 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு குழந்தையைத் தீபாவளியன்று வெடி வேண்டாம் என்று சொல்லி உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் வீட்டில் நமக்குத் தெரியும். அங்கே ஊரே செய்கிறது.

நாம் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சில சின்ன விஷயங்கள் போதும்.

கொல்லையிலோ மாடியிலோ அகலமான, ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் வளரும்.

ஒரு மூலையையாவது சிமெண்ட் போடாமல், சருகு பெருக்காமல் விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

ஏரிக்குப் போகும்போது பிரெட், மிக்சர், பொரி கொண்டு போகாதீர்கள். அது அவற்றின் சாப்பாடு அல்ல. மிச்சம் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

இரவில் பின்பக்க ஃபோகஸ் லைட் தேவையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். இரவில் பறக்கிறவர்களுக்கு அது குழப்பம்.

பொங்கல் விடுமுறையில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு மாஞ்சா நூல் வாங்கித் தராதீர்கள். தடை இருந்தும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மரத்தில் சிக்கிய நூல் வருடக்கணக்கில் இறக்கையை அறுக்கும், ரோட்டில் போகிற மனிதர் கழுத்தையும் அறுக்கும். வழியில் நூல் கிடந்தால் சுருட்டிக் குப்பையில் போடுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம்

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாட்கள், தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்திலேயே, வீட்டுக் கொல்லையோ மாடியோ ஏரிக்கரையோ எதுவானாலும் சரி, குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளை எண்ணி, ஈபேர்டு என்ற இணையதளத்திலோ செயலியிலோ பதிவேற்ற வேண்டும். கட்டணம் இல்லை. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. காகம், மைனா, புறா மட்டும்தான் தெரியும் என்றால் அதையே எழுதுங்கள். எங்கே எது இருக்கிறது என்பதோடு, எங்கே எது இல்லாமல் போனது என்பதும் பல வருடக் கணக்கிலிருந்துதான் தெரியவரும். பொங்கலைத் தவறவிட்டால், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கிறது.

கொல்லையைக் கவனிப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் தன் பத்தியை விடாமல் எழுதினார். அதில் யானையும் புலியும் வந்தன. அதே மரியாதையோடு அணிலும் காகமும் ஓணானும் வந்தன.

கையில் இருக்கும் இதே ஃபோனைப் பதினைந்து நிமிடம் சைலண்டில் போட்டுவிட்டு, பின்வாசலிலோ பால்கனியிலோ உட்காருங்கள். வீட்டில் நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் நாற்காலியையும் பக்கத்தில் போடுங்கள். பேர் தெரியாத குருவிக்கு அவர்களிடம் ஒரு பேர் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து இந்தப் பொங்கலுக்கு மூன்று பேர் எண்ணப் போகிறோம்: அத்தை, நான், பக்கத்து வீட்டுப் பாப்பா. தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாம்பையும் எண்ணலாமா என்று கேட்டார். அதற்கு வேறு பட்டியல் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கொல்லைப் பட்டியலை எழுதி அனுப்புங்கள். மாசி மாத இதழ் ஒன்றில் பேசுவோம்.